ஹான்டட் மான்ஷன் நடனக் கூடத்தை ஒரு பெட்டிக்குள் கட்டுவது எப்படி

கலிபோர்னியா டிஸ்னிலேண்டின் ஹான்டட் மான்ஷன் என்ற பேய் மாளிகைச் சவாரியில் சின்ன வயதில் ஏறியவர்களுக்கு வரிசையில் நின்றதெல்லாம் மறந்திருக்கும். டூம் பக்கி என்ற கறுப்புச் சவாரி வண்டி மாடி ஓரமாக ஊர்ந்துபோக, கீழே பெரிய கூடத்தில் உடல் ஊடுருவித் தெரியும் ஜோடிகள் சுழன்று சுழன்று ஆடியது மட்டும் மறக்காது. 1969 ஆகஸ்ட் 9-ல் திறந்த அந்தச் சவாரியில், இந்தக் காட்சிக்குத் திரையும் கிடையாது, கணினியும் கிடையாது. கண்ணாடி, விளக்கு, இருட்டு, இவ்வளவுதான். அதனால்தான் அதை மேஜை மேல் வைக்கும் அளவில் நாமே கட்ட முடிகிறது.

இந்த வித்தைக்கு பெப்பர்ஸ் கோஸ்ட் என்று பெயர். ஹென்றி டர்க்ஸ் யோசித்ததை ஜான் ஹென்றி பெப்பர் மேடைக்குத் தோதாக மாற்றி, 1862-ல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் காட்டினார். நூறு வருஷம் கழித்து டிஸ்னியின் யேல் கிரேசி அதே வித்தையை ஒரு கூடத்தின் அளவுக்கு விரித்தார். பயணிகளுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஊடுருவித் தெரியும் பிரம்மாண்டமான கண்ணாடி நிற்கிறது. ஆடும் பொம்மைகள் கூடத்திலேயே இல்லை. பயணிகள் இருக்கும் பக்கத்தில், தண்டவாளத்துக்கு மேலும் கீழும் கறுப்பு அறைகளில் இருக்கின்றன. நாம் பார்ப்பது கண்ணாடியில் விழும் அவற்றின் பிம்பத்தை. பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, பிம்பம் அதே தூரம் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும். அதனால்தான் அந்தப் பேய்கள் கண்ணாடியில் ஒட்டிய படம்போல இல்லாமல், நாற்காலிக்கும் மேஜைக்கும் நடுவில் உண்மையாகவே நிற்பதுபோல இருந்தன.

எதையும் வாங்குமுன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இருட்டிய அறையில் ஒரு போட்டோ பிரேம் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, உங்கள் பார்வைக்கு 45 டிகிரி திருப்பி வையுங்கள். பக்கவாட்டில் ஒரு வெள்ளைப் பொம்மை, அதன்மேல் டார்ச். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலி. பொம்மையை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஒரு இடத்தில் அது நாற்காலியில் உட்கார்ந்துவிடும். அந்த நொடியைக் கண்ணால் பார்த்துவிட்டால், பெட்டி வேலையில் எந்த அளவு ஏன் முக்கியம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

பெட்டியின் அளவுகள்

தரைப்படம் ஆங்கில எல் வடிவம். ஒவ்வொன்றும் 40 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட மூன்று சதுரப் பெட்டிகள். பார்ப்பவருக்கு நேர் முன்னால் முதல் சதுரம்: இது கண்ணாடிச் சதுரம். அதற்கு நேர் பின்னால் நடனக் கூடம். கண்ணாடிச் சதுரத்துக்கு இடப்பக்கம் பேய் அறை. மூன்றும் சேரும் இடத்தில் சுவர் கிடையாது. 5 மி.மீ. ஃபோம் போர்டு போதும். மூலைகளைச் சூடான பசையால் ஒட்டி, வெளிப்புறம் கறுப்பு டேப் போடுங்கள். டேப் இல்லாவிட்டால் இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும்.

கண்ணாடி, முதல் சதுரத்தின் இடது பின் மூலையிலிருந்து வலது முன் மூலைக்குக் குறுக்காக நிற்க வேண்டும். மாற்றி வைத்தால் பேய் அறை தெரியாது, வலப்பக்கச் சுவர்தான் தெரியும். சுமார் 56 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரம் வரும், பெட்டியை ஒட்டி முடித்து, உள்ளே அளந்த பிறகே வெட்டக் கொடுங்கள்.

கண்ணாடிக்குப் பதில் 2 மி.மீ. தெளிந்த அக்ரிலிக் தகடுதான் எங்கள் பரிந்துரை. எளிதில் உடையாது என்பதுதான் காரணம். 2 மி.மீ. என்று மெல்லியதாகச் சொல்வதற்குக் காரணம் வேறு: எந்தத் தகட்டுக்கும் இரண்டு பரப்பு உண்டு, இரண்டும் பிரதிபலிக்கும். 45 டிகிரியில் இரண்டு பிம்பங்களுக்கும் இடையே விழும் விலகல், தகட்டின் கனத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 5 மி.மீ. தகடு என்றால் கிட்டத்தட்ட 4 மி.மீ. விலகல், 10 செ.மீ. உயரப் பொம்மைக்கு முகமே இரண்டாகிவிடும். 2 மி.மீ. தகட்டில் இது ஒன்றரை மி.மீ. அளவில் அடங்கும், இருட்டில் கண்ணுக்குப் படாது. ஆனால் மெல்லிய தகடு வளையும். வளைந்தால் பிம்பம் நெளியும். மேலும் கீழும் இரண்டு குச்சிகளுக்கு நடுவே பள்ளம் விட்டு, அதில் தகட்டைச் சொருகி நிறுத்துங்கள்.

நிறுத்தும்போது மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். தகடு 1 டிகிரி சாய்ந்தால் பிம்பம் 2 டிகிரி சாயும்; இந்தப் பெட்டியில் பேய்கள் தரையிலிருந்து ஒன்றரை செ.மீ. வரை தூக்கலாகவோ புதைந்தோ தெரியும். பேய் அறைத் தரையும் கூடத்தின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டியதும் இதனால்தான். மிதக்கும் பேய் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது நாமாக எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

பொம்மைகளை எங்கே வைப்பது

இந்த அளவில் கட்டினால் பேய் அறையும் கூடமும் அங்குலம் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழும். கூடத்தின் பின்சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பேய் நிற்க வேண்டுமா, பேய் அறையின் இடது கோடிச் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பொம்மையை வையுங்கள். கூடத்தின் வலது சுவரிலிருந்து 10 செ.மீ. என்றால், பேய் அறையின் முன்சுவரிலிருந்து 10 செ.மீ. இரண்டு தரைக்கும் 5 செ.மீ. கட்டம் போட்ட தாளை விரித்து, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பிறகு தாளை எடுத்துவிடுங்கள். கூடத்தின் நடுவில் ஒரு நீள மேஜை, நான்கைந்து நாற்காலிகள் வையுங்கள். பேய் தனியாக வெற்றிடத்தில் நின்றால் கண் அதை நம்பாது. நாற்காலியில் உட்கார்ந்தால் நம்பும்.

பொம்மைகள் 10 முதல் 12 செ.மீ. உயரம். முழு வெள்ளை அடித்து, மடிப்புகளில் வெளிர் சாம்பல் தொட்டுவிடுங்கள். கறுப்பு தொட்ட இடமெல்லாம் பிம்பத்தில் ஓட்டையாகிவிடும். பாவாடைக்கு வலைத்துணி நன்றாக ஒளி பிடிக்கும். பிம்பம் இடம் வலம் மாறி விழும் என்பதால், சரியாகக் கைகோத்த ஜோடி கண்ணாடியில் தலைகீழாகிவிடும்: ஆணை நடத்திச் செல்பவள் பெண்ணாக இருப்பாள். மான்ஷனிலும் அப்படித்தான் இருக்கிறது. நினைவில் இருப்பதுபோலவே வேண்டும் என்றால் அப்படியே விடுங்கள். நடன முறைப்படி வேண்டும் என்றால் பொம்மைகளின் கைகளை மாற்றி ஒட்டுங்கள். நாங்கள் விட்டுவிடவே சொல்வோம்.

ஜோடிகளைச் சுழற்ற, நிமிடத்துக்கு 6 சுற்று சுற்றும் பேட்டரி கியர் மோட்டார் சரியாக இருக்கும். பத்து நொடிக்கு ஒரு சுற்று. இதைவிட வேகமானால் பொம்மை சுற்றுவதுதான் தெரியும், நடனம் தெரியாது. மோட்டாரை நேராகத் தரையில் திருகாதீர்கள். ஃபோம் போர்டு அதிர்ந்து இரைச்சலைப் பெருக்கும். அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு வைத்தாலே பாதிச் சத்தம் போய்விடும்.

வெளிச்சமும் கறுப்பும்

பெரும்பாலான பெட்டிகள் கெடுவது இங்கேதான். 45 டிகிரியில் தெளிந்த தகடு தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். மீதி ஊடுருவிப் போய்விடும். ஆகவே பேய் அறையில் விளக்கு பளீரென்று இருக்க வேண்டும், கூடத்தில் மங்கலாக இருக்க வேண்டும். பேய் அறைக்கு இரண்டு எல்இடி டார்ச், முன்பக்கம் நீல நிறக் கண்ணாடித்தாள். கூடத்துக்கு மஞ்சள் நிறச் சரவிளக்கில் நாலைந்து பல்பு மட்டும் எரிந்தால் போதும், மற்றவற்றை டேப் சுற்றி மறைத்துவிடுங்கள். டார்ச் ஒளி பொம்மைமேல் மட்டும் விழ வேண்டும். தகட்டில் நேராக அடித்தால் தூசியெல்லாம் மின்னி, அங்கே தகடு இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பேய் அறையின் சுவர், தரை, கூரை எல்லாம் கறுப்பு வெல்வெட். கறுப்பு சார்ட் பேப்பர் பகலில் கறுப்பாக இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் சாம்பல் பூத்து, பேய்க்குப் பின்னால் மங்கலான ஒரு சதுரத்தைக் காட்டும். கறுப்பு பெயின்ட்டிலும் இதே தொல்லை, பளபளப்பு இருந்தால் இன்னும் மோசம். கண்ணாடிச் சதுரத்தின் வலப்பக்கச் சுவருக்கும் வெல்வெட் போடுங்கள்.

பார்ப்பவருக்கு முன்சுவரில் 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் ஒரு சன்னல். அதன் இடது பக்கத்திலிருந்து உள்நோக்கி ஒரு கறுப்பு மறைப்புப் பட்டை வையுங்கள், இல்லாவிட்டால் சற்று வலப்பக்கம் நின்று எட்டிப்பார்ப்பவருக்குப் பேய் அறையே நேராகத் தெரிந்து குட்டு உடைந்துவிடும். சன்னலை உயரமாக வைத்து, சற்றுக் கீழ்நோக்கிப் பார்க்கும்படி செய்யுங்கள். மான்ஷனில் மாடியிலிருந்து கூடத்தைப் பார்த்த கோணம் அதுதான். தரை தெரிவதால் பேய்களின் ஆழமும் கூடுகிறது.

பேய்கள் தோன்றி மறைய, டார்ச்சுகளுக்கு ஒரு மங்கலாக்கி (டிம்மர்) வேண்டும். மூன்று நான்கு நொடியில் மெல்ல ஏறி, மெல்ல இறங்க வேண்டும். சட்டென்று போட்டு அணைத்தால் யாரோ சுவிட்ச் தட்டியது புரிந்துவிடும். விட்டு விட்டு மின்னும் ஒளி வேண்டவே வேண்டாம். வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

பொம்மைக்குப் பதில் செல்போனில் வீடியோ ஓடவிடலாமா என்றால், விடலாம். ஓஎல்இடி திரையாக இருந்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். சாதாரண எல்சிடி என்றால் திரையின் சதுரமே மங்கலாகத் தெரியும். பிம்பம் காரணமில்லாமல் மங்கலாக இருந்தால் போனைக் குறுக்காகத் திருப்பிப் பாருங்கள். திரை ஒளி ஒரு திசையில் மட்டும் அதிரும் ஒளி என்பதால், சில போன்களில் ஒரு நிலையில் பிம்பம் பளிச்சென்றும் மறு நிலையில் அநேகமாக இல்லாமலும் போகும். ஆனாலும் பொம்மையின் ஆழம் வீடியோவில் வராது.

திரும்பிப் பார்க்கும் சிலை

மான்ஷனில் ஓவியங்கள் தொங்கும் தாழ்வாரத்தின் கோடியில், நாம் போகும் பக்கமெல்லாம் முகம் திருப்பிய கல் சிலைகளும் பலர் நினைவில் இருக்கும். அந்த முகங்கள் வெளியே புடைத்தவை அல்ல, உள்ளே குழிந்தவை. மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் முகமூடி ஒன்றை எடுத்து, கண் ஓட்டைகளைக் காகிதக் கூழால் அடைத்து, உட்புறம் பளபளப்பில்லாத வெளிர் சாம்பல் அடியுங்கள். கறுப்புத் துணி போர்த்திய பலகையில் முகமூடி அளவுக்கு ஓட்டை வெட்டி, குழிந்த பக்கம் பார்ப்பவரை நோக்கி இருக்கும்படி பின்னாலிருந்து பொருத்துங்கள். விளக்கு கீழிருந்து வர வேண்டும். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே மூளை எடுத்துக்கொள்ளும்; குழிக்குள் கீழிருந்து விழும் ஒளி, புடைத்த முகத்தில் மேலிருந்து விழுவதைப்போலவே நிழல் கட்டும். பார்ப்பவர் 2 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பக்கத்தில் வந்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து குழியைக் கண்டுபிடித்துவிடும். பலகைக்கு முன் தரையில் ஒரு நாற்காலி வரிசை போட்டு வழி மறித்தால் யாரும் நெருங்க மாட்டார்கள்.

பேசும் தலை

மான்ஷனில் படிக உருண்டைக்குள்ளிருந்து பேசும் தலைதான் மேடம் லியோட்டா. அந்த முகம் டிஸ்னியில் வேலை பார்த்த லியோட்டா டூம்ப்ஸுடையது, குரல் எலினார் ஆட்லியுடையது. படமெடுத்த முகத்தை ஒரு தலை வடிவத்தின் மேல் பாய்ச்சினார்கள். வீட்டில் இதற்குத் துணிக்கடைப் பொம்மையின் வெள்ளை ஃபோம் தலையும் ஒரு சிறிய புரொஜெக்டரும் போதும். ஃபோம் மூக்கைப் பாதிக்கு மேல் தேய்த்துக் குறைத்துவிடுங்கள், உதடுகளையும் சமமாக்குங்கள். மேடு கூடுதலாக இருந்தால் படத்தின் மூக்கும் பொம்மையின் மூக்கும் வேறு வேறு இடத்தில் நிற்கும்.

படம் எடுக்கும்போது பேசுபவரின் தலை மயிரிழையும் அசையக் கூடாது. பின்தலையைச் சுவரில் அழுத்தி வைத்து, கழுத்துக்குக் கீழும் முகத்தைச் சுற்றியும் கறுப்புத் துணி போர்த்துங்கள். புரொஜெக்டரை எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் வைக்கப் போகிறீர்களோ, கேமராவை அதே உயரத்தில், அதே தூரத்தில் வைத்து எடுங்கள். ஒட்டாத முகங்களில் முக்கால்வாசிக்கு இந்த ஒன்றைச் செய்யாததுதான் காரணம்.

உட்கார வைப்பது

டூம் பக்கியின் உயர்ந்த ஓடு அழகுக்காக மட்டும் செய்ததல்ல. அது பக்கவாட்டை மறைக்கும், பக்கி தானே திரும்பிக் காட்சியை நோக்கும், ஒலிபெருக்கி காதருகே பேசும். சக்கர நாற்காலி ஒன்றில் தலைக்கு மேல் வரை மூன்று பக்கமும் கறுப்பு அட்டை கட்டினால் இதே பலன் கிடைக்கும். பின்னாலிருந்து தள்ளுபவர் மீட்டருக்கு மூன்று நான்கு நொடி எடுத்துக்கொள்ளட்டும். ஒலியைக் குறைவாக வையுங்கள். ஒரு சிறிய ஒலிபெருக்கி நாற்காலியில், இன்னொன்று பெட்டிக்குள்.

வெளிச்சத்திலிருந்து நேராகக் கூட்டிவந்தால் எதுவும் எடுபடாது. டிஸ்னிலேண்டில் சவாரிக்கு முன் எல்லோரையும் நிறுத்தும், சுவர்கள் உயர்ந்துகொண்டே போவதுபோலத் தெரியும் நீளும் அறை, உண்மையில் கீழே இறங்கும் ஒரு லிஃப்ட். சவாரிக் கட்டடம் ரயில் பாதைக்கு அப்பால் இருப்பதால் எல்லோரையும் கீழே இறக்கி, ஒரு நீண்ட மங்கல் தாழ்வாரம் வழியாக நடத்திப் போகிறார்கள். அதற்குள் கண் இருட்டுக்குப் பழகிவிடுகிறது. வீட்டில் பக்கத்து அறையை மங்கலாக்கி, ஐந்து பத்து நிமிடம் உட்காரவைத்துக் கதை சொல்லுங்கள். செல்போன் திரையை யாரும் பார்க்கக் கூடாது.

காட்சிக்கு முன் தகட்டை ஈரமான மென்துணியால் துடையுங்கள். காய்ந்த துணி நிலைமின் ஏற்றி இன்னும் தூசி சேர்க்கும். அமோனியாவோ ஆல்கஹாலோ கலந்த கண்ணாடித் திரவம் அக்ரிலிக்கில் மயிர் விரிசல் உண்டாக்கும். முடிந்ததும் தகட்டைக் கழற்றி, சமமான பலகைமேல் துணி விரித்துப் படுக்கவையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் நாளாவட்டத்தில் வளைந்து, அடுத்த முறை ஜோடிகள் இடுப்பில் ஒடிந்து தெரியும்.