முயலுக்கு லங்கணம் ஆகாது

"லங்கணம் பரம ஔஷதம்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வயிறு மந்தமா, ஒரு வேளை பட்டினி கிட, வெந்நீர் குடி, சரியாகிவிடும். மனிதர்களுக்கு அது பல சமயம் பலிக்கும். நாய்க்கு ஒரு வேளை சோறு வைக்காவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. முயலுக்கு மட்டும் இந்த வைத்தியம் எமன். எங்கள் வீட்டு முயல் பஞ்சு ஒரு சனிக்கிழமை இரவு கொத்தமல்லித் தழையை முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் போய்க் குறுகி உட்கார்ந்தபோது, "காலையில் தின்னும், விடு" என்று சொன்னவன் நான்தான். விடிந்து பார்த்தால் கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. பிழைத்துக்கொண்டது, ஆனால் நாலு நாள் ஊசியும் சலைனுமாக அலைந்தோம்.

முயலின் குடல் நிற்காமல் ஓட வேண்டிய குடல். புல்லின் நார்தான் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரைப்பையைவிடப் பல மடங்கு பெரிய குருட்டுக்குடலில் நுண்ணுயிர்கள் அந்தத் தீனியைப் புளிக்க வைத்துச் சத்தாக்கித் தருகின்றன. தின்பது நின்றால் குடல் அசைவு குறையும், உள்ளே இருப்பது வறண்டு இறுகும், வேண்டாத பாக்டீரியா பெருகி வாயு சேரும். வாயுவால் வலி, வலியால் தீனி வேண்டாம் என்று ஒதுங்கல், அதனால் குடல் இன்னும் மந்தம். இதற்கிடையில் உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, அது கல்லீரலில் போய்ப் படியும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால்தான் 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அவசர நிலை என்கிறார்கள். 12 மணி நேரம் என்பது டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டிய கெடு. அதுவரை காத்திருந்து பார்க்கலாம் என்று அர்த்தமில்லை.

அடுத்த தவறு மருந்து டப்பாவைத் திறப்பது. ஓம வாட்டர், கிரைப் வாட்டர், குழந்தைக்கு வாங்கி மிச்சமான சிரப் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இதில் உயிருக்கே உலை வைப்பது மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளின்டாமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால், குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நஞ்சு கக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முயல் அதிலேயே செத்துப்போகலாம். நமக்குச் சாதுவான மருந்து என்பதெல்லாம் இங்கே செல்லாது. தயிர் கொடுத்தால் வயிறு ஆறும் என்பதும் நம் வழக்கம்தான். பாலும் தயிரும் வளர்ந்த முயலின் தீனியே இல்லை. தயிர்சாதம் என்றால் மாவுச்சத்தும் சேர்ந்து கெடுதல் இரட்டிப்பு.

முடிதான் அடைத்துக்கொண்டது, அன்னாசிச் சாறு கொடுத்தால் கரைந்துவிடும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. முயல் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி, இரைப்பையில் கொஞ்சம் முடி எப்போதும் இருக்கும். குடல் ஓடினால் அது தானாகப் புழுக்கையோடு வெளியேறும். குடல் நின்றதால்தான் பெரும்பாலும் முடி உருண்டை சேர்கிறது. அன்னாசி முடியைக் கரைக்காது, சர்க்கரையைத்தான் சேர்க்கும்.

டாக்டர் சொல்லாமல் சிரிஞ்சில் தீனி கரைத்து ஊட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண மந்தமென்றால் ஊட்டுவதுதான் சிகிச்சையின் பெரும்பங்கு. முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில், பக்கவாட்டிலிருந்து அரை மில்லி, ஒரு மில்லி என்று, விழுங்க நேரம் கொடுத்து ஊட்ட வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்தது திடீரென்று சுருண்டு, வயிறு மத்தளம் போல விம்மியிருந்தால் அது அடைப்பாக இருக்கலாம். அப்போது உள்ளே தள்ளும் ஒவ்வொரு துளியும் ஆபத்து. வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம், நேரே கிளம்புங்கள்.

காதைத் தொட்டுப் பாருங்கள். முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். நோயில் அது 38-க்குக் கீழே இறங்கினால் நிலைமை மோசம் என்று பொருள். காது சில்லென்றிருக்கும். துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, முகத்தை மூடாமல் போர்த்தி எடுத்துப் போக வேண்டும். சென்னை, மதுரை வெயிலில் பழகிய நாம் முயல் சோர்ந்தாலே சூடு என்று நினைத்து ஐஸ் பாட்டில் வைத்துவிடுகிறோம். வெயிலில் அடிபட்ட முயலின் காது சுடும், வேகவேகமாக மூச்சு வாங்கும். அது வேறு கதை.

பலர் பதறும் இன்னொரு விஷயம் பின்புறத்தில் ஒட்டும் கருப்புப் பசை. "பேதியாகிறது" என்று மாத்திரை தேடுவார்கள். முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று, கொண்டைக்கடலை மாதிரி உருண்டு காய்ந்த புழுக்கை. இன்னொன்று, குட்டித் திராட்சைக் கொத்து போல மினுமினுப்பாக, மெத்தென்று, குருட்டுக்குடலிலிருந்து வருவது. அதை அது நேரே வாய் வைத்துத் தின்றுவிடும், நாம் பார்ப்பதே இல்லை. அருவருப்பாகத் தோன்றலாம், ஆனால் அதற்கு அது சத்து மாத்திரை. தின்னாமல் ஒட்டிக்கிடந்தால் மாவும் இனிப்பும் அதிகமாகியிருக்கும், அல்லது உடல் பெருத்தோ முதுகு வலித்தோ குனிய முடியாமல் இருக்கும். தண்ணீராகவே போகும் நிஜப் பேதி வளர்ந்த முயலுக்கு அபூர்வம். வந்தால் அன்றைக்கே டாக்டர். குட்டி என்றால் காக்சிடியா ஒட்டுண்ணியாக இருக்கலாம், சீக்கிரமே நிலைமை மோசமாகிவிடும். எதுவானாலும் முழு முயலையும் குளிப்பாட்டாதீர்கள். அழுக்கான இடத்தை மட்டும் துடைத்து உலர்த்தினால் போதும். ஈரத்தோடு விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

சரி, இவ்வளவும் வந்த பின் செய்வது. வராமலிருக்க வேண்டுமென்றால் தட்டைப் பார்க்க வேண்டும். தீனியில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும் என்பதைப் படித்துவிட்டு, காய்ந்த புல்தானே என்று வைக்கோலைப் போட்டவர்களை எனக்குத் தெரியும். வைக்கோல் என்பது நெல் எடுத்த பின் மிஞ்சும் தாள். படுக்கையாக விரிக்கலாம், அதை மட்டும் தின்று முயல் வாழாது. முயல் தீனியாகக் கடையில் உலர்த்தி விற்கும் திமோத்தி புல் இறக்குமதி, விலை கடிக்கும். மருந்தடிக்காத அருகம்புல்லை அலசி நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். குதிரைமசால், வேலிமசால் இரண்டும் புரதம் மிகுந்த பயறு வகைத் தீவனங்கள். பண்ணையில் இறைச்சிக்காகச் சீக்கிரம் எடை ஏற்ற அது சரி, வீட்டில் வருடக்கணக்கில் வாழப்போகும் முயலுக்கு அதுவே முழுத் தீனி ஆகாது. குச்சித் தீவனமும் (பெல்லட்) அப்படியே: 2 கிலோ முயலுக்கு நாளுக்கு 50 கிராமுக்குள் நிறுத்துங்கள். கோழித் தீவனம், பிஸ்கட், இட்லி எதுவும் வேண்டாம். கேரட் ஒரு துண்டு எப்போதாவது போதும். குடிக்க, சொட்டுப் பாட்டிலைவிடக் கனமான மண் கிண்ணம் மேல். முயல் கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கிறது.

புல் குறைந்தால் பல்லும் கெடும். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்வது, மென்று மென்றுதான் தேயும். கடைவாய்ப் பல் கூர்மையாகி நாக்கைக் கிழித்தால் தீனி நிற்கும், தீனி நின்றால் குடல் நிற்கும். எனவே குடல் மந்தம் தனி நோயாக வருவது குறைவு. பல், சிறுநீர்க் கல், தீபாவளி வெடிச் சத்தம், வீடு மாற்றம் என்று பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். வாயைத் திறந்து பார்க்காமல் குடலுக்கு மட்டும் மருந்து தந்தால் மாதம் ஒருமுறை இதே கூத்துதான்.

பட்டினி போடும் யோசனையை டாக்டர் வாயிலிருந்தே கேட்க நேரலாம். கருத்தடை அறுவைக்கு முன் "ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீங்க" என்று ஓரிடத்தில் எங்களிடம் சொன்னார்கள். நாய் பூனைக்கான வழக்கம் அது. வாந்தியே எடுக்காத பிராணியை இரவு முழுக்கப் பட்டினி போடுவதில் பயனில்லை, ஆபத்துதான் உண்டு. அதனால் முயல் பார்த்துப் பழகிய டாக்டர் யார், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார் என்று நோய் வருமுன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது பழகிய புல் ஒரு பிடியும், கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு கவரிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முயல் தெரிந்த டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.