ஆம்புலன்ஸுக்கு வழி விடும்போது நாம் செய்கிற தவறுகள்

ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 194இ பிரிவு இது. சரி, ஆனால் வழி விடுகிறேன் பேர்வழி என்று பதறுவதும் லேசான ஆபத்து இல்லை.

சைரன் கேட்டதும் இருந்த இடத்திலேயே பிரேக் அடிப்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கண்ணாடியை ஏற்றி, ஏசியும் பாட்டும் ஓடும் காருக்குள் சைரன் காதில் விழும்போது ஆம்புலன்ஸ் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் வந்திருக்கும். நீங்கள் சட்டென்று நின்றால் அதுவும் பிரேக் அடிக்க வேண்டும். நோயாளியை ஸ்ட்ரெச்சரில் பெல்ட் போட்டுக் கட்டியிருப்பார்கள்; ஆனால் நின்றபடி அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் மருத்துவ உதவியாளருக்கு ஏது பெல்ட்? அவர்தான் தூக்கி எறியப்படுவார். அதனால் கண்ணாடியைப் பாருங்கள், இடது இண்டிகேட்டரைப் போடுங்கள், பக்கத்தில் டூவீலர் இல்லை என்று தெரிந்த பிறகு வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மறுபக்கம் வர முடியும்.

சிக்னலில் சிவப்பு விளக்கு, பின்னால் சைரன் அலறுகிறது. உடனே முன்னால் பாய்ந்துவிடாதீர்கள். குறுக்கே வருகிறவருக்குப் பச்சை விழுந்திருக்கும். போலீஸ்காரர் கை காட்டினால் போகலாம். இல்லையென்றால் கோட்டுக்குள்ளேயே வண்டியைச் சாய்த்து இடம் கொடுங்கள். உங்களுக்குப் பச்சை விழுந்து, எங்கோ சைரன் மட்டும் கேட்டாலும் அவசரப்படாதீர்கள். கட்டடங்களில் பட்டு எதிரொலிப்பதால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதை நம்பிச் சொல்ல முடியாது.

அப்புறம், ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு போகும் பைக்குகள். இது தவறுகூட இல்லை, திருட்டுத்தனம். பின்னால் ஒட்டி வருகிறவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியவே மாட்டார். ஒரு வண்டி போனதும் மறுநொடியே சாலைக்குள் திரும்புவதும் வேண்டாம். தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் இன்னொன்று வருவது சகஜம்.

108 ஓட்டுநர்களைப் 'பைலட்' என்பார்கள். நான்குவழிச் சாலையில் அவரை எதிர்த்திசையில் ஓட வைப்பது சில சமயம் போன் செய்தவரே. வெறும் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆம்புலன்ஸ் மறுபக்கச் சாலையில் வந்து நிற்கும். நடுவே சென்டர் மீடியன். அடுத்த திருப்பம் வரை போய் வர வேண்டும், இல்லாவிட்டால் ராங் சைடு. ஆகவே, சென்னையிலிருந்து திருச்சி போகும் பக்கமா, திருச்சியிலிருந்து வரும் பக்கமா என்பதை முதலில் சொல்லுங்கள். பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.