பகைவன் வரும் பக்கத்தைப் பாருங்கள்: எஹ்ரன்பிராய்ட்ஸ்டைன் கோட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் மோசல் ஆறு ரைன் நதியில் வந்து கலக்கும் இடத்துக்கு நேர் எதிர்க்கரையில், ஆற்று மட்டத்திலிருந்து 118 மீட்டர் உயரத்தில் நிற்கிறது எஹ்ரன்பிராய்ட்ஸ்டைன் கோட்டை. 1817 முதல் 1828 வரை, அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா கட்டியது. பிராங்பர்ட் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் கோடை வந்தால் ஒரு சனிக்கிழமை ரயிலேறி இங்கே வந்துவிடுகிறார்கள். கோட்டைக் கிறுக்கு உள்ளவன் என்று தெரிந்ததால் என்னையும் கூட்டிக்கொள்வார்கள். நான் முதலில் வந்தபோது அடித்த கூத்துகளையே ஒவ்வொரு புதுக் கூட்டமும் வரிசை மாறாமல் அடிப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் பாட்டில், நல்ல ஷூ, கடைசி ரோப் கார் நேரம் இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய பீரங்கியைப் பார்த்து ஏமாறுவது

உள்ளே ஒரு பிரம்மாண்டமான வெண்கலப் பீரங்கி இருக்கிறது. பெயர் ‘கிரைஃப்’. எடை சுமார் 9 டன். எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, ‘பிரஷ்யப் பீரங்கி’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அது 1524-இல், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட ட்ரியர் பேராயருக்காக வார்த்தது. பிரஷ்யா இந்த மலையில் கால் வைப்பதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தையது. 1799-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1940-இல் ஜெர்மானியர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள், போர் முடிந்ததும் மறுபடி பாரிசுக்குப் போனது. 1984-இல் பிரான்ஸ் அதிபர் மித்தரோன் திருப்பி அனுப்பி வைத்தார். கதை சுவையானதுதான், ஆனால் நீங்கள் நிற்கும் கோட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இந்த மலையில் இரண்டு கோட்டைகள் இருந்தன என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேராயர்களின் பழைய கோட்டையை 1801-இல் பிரெஞ்சுப் படை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போய்விட்டது. 1815-இல் ரைன் கரையோரப் பகுதியான ரைன்லாந்து பிரஷ்யாவின் கைக்கு வந்தது. இடிந்து கிடந்த அந்த மலையில், பொறியாளர் எர்ன்ஸ்ட் லுட்விக் ஃபொன் ஆஸ்டரின் மேற்பார்வையில் புதுக்கோட்டை எழுந்தது. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அதுதான்.

ஸ்வெட்டர் இல்லாமல் வருவது

ஜூலையிலும் நிலவறைகளுக்குள் குளிரும். எடுத்து வாருங்கள்.

ரோப் காரிலிருந்து இறங்கியதும் ஆற்றைப் பார்க்க ஓடுவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு. ரயில் செலவு, ரோப் கார், நுழைவுச் சீட்டு என்று குடும்பமாக நல்ல தொகை செலவழித்து வந்து, கோட்டையையே கோட்டை விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

நடப்பது இதுதான். ரோப் கார் ரைன் நதிக்கு மேலே மிதந்து வந்து மலையில் இறக்கிவிடும். இறங்கியவுடன் எல்லோர் கண்ணும் ஆற்றுப் பக்கம் போகும். அங்கே மரத்தாலான பார்வை மேடை இருக்கிறது. கீழே இரண்டு ஆறுகள் கலக்கும் முனை, முதலாம் வில்ஹெல்ம் பேரரசரின் குதிரைச் சிலை, எதிரே நகரம். அரைமணி நேரம் படம். அப்புறம் கோட்டைக்குள் விறுவிறுவென்று நடந்து, முற்றத்துக்குப் போய், அங்கேயும் ஆற்றைப் பார்த்தபடி ஒரு பீர். திரும்பி வருவார்கள். நான் போன ஒரு குழுவில் மூத்த அண்ணன் ஒருவர் சொன்னார்: “தம்பி, செஞ்சிக்கோட்டையில ஏறினவனுக்கு இதெல்லாம் ஒரு கோட்டையா? ஒண்ணுமே இல்லையே!”

அவர் பார்த்தது கோட்டையின் முதுகை. ரைன் பக்கம் செங்குத்தான பாறை. அந்தப் பக்கமாகப் பீரங்கியை இழுத்துக்கொண்டு எந்தப் படையும் ஏறி வரமுடியாது. பாறையே காவல் காப்பதால் கட்டடக்காரர்கள் அங்கே அதிகம் மெனக்கெடவில்லை. மலை சமவெளியோடு ஒட்டியிருப்பது வடக்கே மட்டும்தான். வருகிறவன் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். பிரஷ்யர்களின் காசு, கல், மூளை எல்லாம் அந்தப் பக்கம்தான் கொட்டிக் கிடக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரோப் கார் உங்களை இறக்கிவிடுவதே கோட்டைக்கு வெளியே, அந்த வடக்குச் சமவெளியில்தான். அதாவது முற்றுகையிட வருபவன் நிற்கும் இடத்தில், காசு கொடுத்து வந்து நிற்கிறீர்கள். இதைவிட நல்ல தொடக்கம் எந்தக் கோட்டையிலும் கிடைக்காது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்க்கிறார்கள்!

சரி, அங்கே என்ன செய்ய வேண்டும்? ஆறு எங்கேயும் போகாது, பிறகு பார்க்கலாம். கோட்டையைப் பார்த்தபடி நில்லுங்கள். உங்களுக்குத் தெரிவது மிகக் கொஞ்சம்: புல், கொஞ்சம் மண்மேடு, தாழ்வாக ஒரு சுவர்க் கோடு. கம்பீரமாக ஒன்றுமில்லையே என்று தோன்றும். அப்படித் தோன்ற வைத்ததுதான் வேலைப்பாடு. உயரமான மதில் என்றால் தொலைவிலிருந்தே பீரங்கிக் குண்டுக்கு இலக்காகிவிடும். அதனால் பாறையைக் குடைந்து ஆழமான பள்ளம் தோண்டி, கல்சுவரை அதற்குள் இறக்கி வைத்தார்கள். சுவர் உயரம்தான், ஆனால் உயரம் முழுவதும் தரைக்குக் கீழே. அருகே போகும்வரை பள்ளம் இருப்பதே தெரியாது. பள்ளத்தின் வெளி விளிம்பிலிருந்து தரை மெல்லச் சரிந்து வெளியே போகும். ஒளிந்துகொள்ள அதில் ஒரு மேடோ குழியோ விடமாட்டார்கள். ஓடி வருகிறவன் முழங்காலிலிருந்து தலைவரை, உள்ளே இருப்பவனின் துப்பாக்கிக்கு நேரே இருப்பான்.

இப்போது நடக்கத் தொடங்குங்கள், மெதுவாக. பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் கீழே எட்டிப் பாருங்கள். அதே குழுவில் வேலூரில் வளர்ந்த ஓர் அக்கா, “அகழியில தண்ணியே இல்லையே?” என்று கேட்டார். அன்றைக்கு யாரும் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். மலை உச்சிப் பாறையில் தண்ணீர் நிற்காது, அது ஒன்று. தவிர, வறண்ட பள்ளம் காவலனுக்கு வேறு விதத்தில் உதவுகிறது. பள்ளத்துக்குள் குதித்தவன் தப்பித்தோம் என்று நினைப்பான். பக்கவாட்டுச் சுவர்களைப் பாருங்கள்: பள்ளத்தின் நெடுகிலும் சுடும்படி துளைகள் இருக்கும். குதித்தவனுக்கு எதிரே சுவர், பின்னால் சுவர், இரண்டு பக்கமும் துப்பாக்கி.

அப்புறம் வாசல். வாசலுக்கு நேராகப் பாதை போகாது, வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் நின்று, ‘என்னை இப்போது எத்தனை துளைகள் பார்க்கின்றன?’ என்று எண்ணுங்கள். குழந்தைகளோடு வந்தால் இதை விளையாட்டாக்கிவிடலாம், பெரியவர்களைவிட அவர்கள்தான் வேகமாகக் கண்டுபிடிக்கிறார்கள். முதல் அரணைத் தாண்டி உள்ளே வந்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அங்கே இன்னொரு பள்ளமும் அதற்குப் பின்னால் இன்னொரு சுவரும் காத்திருக்கின்றன. வடக்கு முகப்பு முழுவதும் இப்படி இரண்டு அடுக்கு. முன்வரிசையைப் பிடித்தவன் அங்கே நிம்மதியாக உட்கார முடியாது, உள்வரிசைத் துளைகள் எல்லாம் அவன் தலைக்கு மேலேதான்.

ஒரு துளையை மட்டும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். துப்பாக்கிக்கான துளை வெளிமுகத்தில் கை நுழையும் அகலம்தான். உள்ளே போய் அதே துளையின் முன் நின்றால், சுவரின் கனத்துக்குள்ளேயே அது விரிந்து, ஓர் ஆள் நின்று துப்பாக்கியை இடமும் வலமும் திருப்பத் தோதாக இருக்கும். பீரங்கி அறைகளில் இன்னொன்றையும் தேடுங்கள்: குழாய் நீளும் வாய்க்கு மேலே தனியாகச் சின்னத் துளை இருக்கும். கருமருந்துப் புகை வெளியேற வைத்தது. அது இல்லாவிட்டால் நாலைந்து முறை சுட்டதும் அறையில் இருப்பவன் இருமியே செத்துவிடுவான். மேலே வளைவுக் கூரை, அதற்கும் மேல் கனமாக மண். வானத்திலிருந்து விழும் குண்டின் அதிர்ச்சியை அந்த மண் வாங்கிக்கொள்ளும்.

அந்த அண்ணனை மறுபடி ரோப் கார் நிலையத்துக்கே கூட்டிப்போய், இந்த வழியாக நடக்க வைத்தேன். முதலில் முணுமுணுத்தார். இரண்டாவது பள்ளத்தில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தவர், “இதுக்குள்ள வந்தவன் தொலைஞ்சான்” என்றார். சுற்றுலா வண்டியில் வருகிறவர்களுக்கு இந்த வாய்ப்பும் இல்லை. முக்கால் மணி நேரம் கொடுத்து, “வியூ பாயின்ட் அந்தப் பக்கம்” என்று வழிகாட்டியே கை காட்டிவிடுகிறார். அவரைக் கண்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எந்தப் பிரஷ்யக் கோட்டைக்குப் போனாலும் இதே வழிதான். கையில் தரைப்படம் கிடைத்ததும், எந்தப் பக்கம் கோடுகள் நெருக்கமாக நெளிந்து அடுக்கடுக்காக இருக்கின்றன என்று பாருங்கள். கட்டியவர்களுக்குப் பயம் அந்தப் பக்கமாகத்தான் இருந்தது. அங்கிருந்து தொடங்குங்கள்.

முற்றத்தை அரண்மனை என்று நினைப்பது

மேல் முற்றத்தில் மஞ்சள் பூச்சும் ஒழுங்கான சன்னல் வரிசையும் பார்த்து, ‘ராஜா இங்கேதான் இருந்தாரா?’ என்று கேட்பார்கள். இருந்தவர்கள் சிப்பாய்கள். அழகான முகப்புக்குப் பின்னால் இருப்பது குண்டு தாங்கும் அதே வளைவு அறைகள்தான். வெளியே பார்த்த சுவரில் துளை, உள்ளே பார்த்த சுவரில் சன்னல்.

“இங்கே எந்தப் போர் நடந்தது?” என்று கேட்டு ஏமாறுவது

பிரஷ்யக் கோட்டை மீது யாரும் படையெடுக்கவே இல்லை. இதைக் கேட்டதும் சிலர் முகம் வாடிவிடுகிறது, டிக்கெட் காசு வீண் என்பது போல. வருகிறவனை வேறு வழி யோசிக்க வைக்கத்தானே இத்தனை கல்லை அடுக்கினார்கள்?

இதற்கு முந்தைய கோட்டை பல முற்றுகைகளைப் பார்த்தது. கடைசியில் 1799 ஜனவரியில் அது விழுந்ததும் குண்டடிபட்டு அல்ல, உள்ளே சாப்பாடு தீர்ந்துபோய்.

முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படை இங்கே தங்கி, 1923-இல் வெளியேறியது. அந்தப் போரை முடித்த வெர்சாய் உடன்படிக்கைப்படி இதையும் இடித்திருக்க வேண்டியது. அமெரிக்கத் தளபதி ஹென்றி ஆலன் தலையிட்டதால் தப்பியது என்று சொல்வார்கள்.

புல்மேட்டில் ஏறுவது

மேலே மெத்தென்று புல்தரை, அது திடீரென்று முடியும் இடத்தில் கீழே பள்ளம். ஏறாதீர்கள்.

பூட்டிய கதவைத் தள்ளிப் பார்ப்பது

பழைய கோட்டைகளின் நிலவறைகளில் குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்கும். அவற்றைத் தொந்தரவு செய்வது ஜெர்மனியில் சட்டப்படி குற்றம்.

ஒரே மலையோடு திரும்பிவிடுவது

எஹ்ரன்பிராய்ட்ஸ்டைன் தனிக்கோட்டை அல்ல. ரைன், மோசல் இரண்டையும் கட்டிக்காக்கப் பிரஷ்யா கோப்லென்ஸைச் சுற்றி மலைக்கு மலை அரண்களை எழுப்பியது. ஒன்றைத் தாக்கினால் பக்கத்து மலையிலிருந்து குண்டு வரும் என்பது கணக்கு. பார்வை மேடைக்குப் போக வேண்டுமென்றால் இதற்காகப் போங்கள்: எதிரே மோசலுக்கு அப்பால் லூட்ஸல் பக்கத்துக் குன்றில் ஃபிரான்ஸ் பேரரசர் கோட்டை, நகரத்துக்கு மேலே கார்ட்டவுஸ் மலையில் அலெக்சாண்டர் பேரரசர் கோட்டை. நெப்போலியனை எதிர்த்து பிரஷ்யாவோடு நின்ற ஆஸ்திரிய, ரஷ்யப் பேரரசர்களின் பெயர்கள். இந்த இரண்டையும் 1920-களில் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள்.

மிச்சமிருப்பதில் கோன்ஸ்டான்டின் கோட்டையைப் பார்ப்பது எளிது. ரயில் நிலையத்துக்கு மேலேயே இருக்கிறது, உள்ளே இப்போது கார்னிவல் அருங்காட்சியகம். ரைன் நதியின் இந்தப் பக்கம் தெற்கே ஆஸ்டர்ஸ்டைனில் வட்டமான காவல் கோபுரம் நிற்கிறது, பொறியாளர் ஆஸ்டரின் பெயர்தான் அதற்கு. ஃபிரான்ஸ் கோட்டையில் எஞ்சிய பகுதி எல்லா நாளும் திறந்திருக்காது, முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். மூன்றையும் ஒரே நாளில் அடக்க நினைத்தால் எஹ்ரன்பிராய்ட்ஸ்டைனின் வடக்கு முகப்புக்கு நேரம் இருக்காது. அந்த நிலை வந்தால் மற்றதை விட்டுவிடுங்கள்.