சீனப் பெருநிலத்துக்கு வெளியே ஈட்டிய வருமானத்துக்கு வரிக்கழிவு கோருவது எப்படி?

சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ வந்த வருமானத்துக்கு அங்கேயே வரி கட்டியாகிவிட்டதே, சீனாவிலும் எதற்குக் கட்ட வேண்டும் என்று ஷென்ஜெனிலும் ஷாங்காயிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் கேட்பதுண்டு. வெளியே கட்டிய வரியைச் சீன வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் அது தானாகக் கழியாது, நாமே கணக்குக் காட்டிக் கோர வேண்டும். ஹாங்காங், மக்காவ், தைவான் ஆகியவையும் இந்தக் கணக்கில் வெளியிடங்களே.

முதலில் இது உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். சீனாவில் நிரந்தர வசிப்பிடம் இல்லாத வெளிநாட்டவர், முந்தைய 6 ஆண்டுகளும் ஆண்டுக்கு 183 நாள் அங்கே தங்கி, அவற்றில் ஒருமுறைகூடத் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் வெளியே இருக்கவில்லை என்றால்தான், 183 நாளை எட்டும் அடுத்த ஆண்டில் உலக வருமானம் முழுவதற்கும் வரி வரும். இந்த ஆண்டுக் கணக்கு 2019-இலிருந்து தொடங்குகிறது. ஒரு நீண்ட விடுமுறைப் பயணமே கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும் என்பதால், கடவுச்சீட்டு முத்திரைகளைத் தேதிவாரியாக எழுதி வைப்பது நல்லது.

கழிவுக்கு நாடுவாரியாக ஓர் உச்சவரம்பு உண்டு. உள்நாட்டுச் சம்பளம் 3,00,000 யுவான், சில மாதம் சிங்கப்பூரில் வேலை பார்த்த சம்பளம் 1,00,000 யுவான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி, அடிப்படை விலக்கான 60,000-ஐ மட்டும் கழித்தால் 3,40,000 யுவானுக்குச் சீன வரி 53,080. மொத்தச் சம்பளத்தில் சிங்கப்பூர்ப் பங்கு கால்வாசி என்பதால் உச்சவரம்பு 13,270 ஆகிறது. அங்கே வசிப்பவரல்லாதவராக 15% வீதத்தில் 15,000 கட்டியிருந்தால், மிஞ்சும் 1,730 வீணாவதில்லை. அடுத்த 5 ஆண்டுகளுக்குள் அதே நாட்டின் உச்சவரம்பில் இடமிருக்கும்போது கழித்துக்கொள்ளலாம். வட்டி, ஈவுத்தொகை போன்றவை சம்பளத்தோடு சேராமல் 20% வீதத்தில் தனியே கணக்கிடப்படுகின்றன.

பலர் தடுமாறுவது ஆவணங்களில்தான். அந்நாட்டு வரித்துறை தந்த வரி செலுத்திய சான்று, வரிச் சீட்டு அல்லது செலுத்திய பதிவு வேண்டும். அவை கிடைக்காவிட்டால், அங்கே தாக்கல் செய்த வரிப்படிவத்தையோ வரி கேட்ட அறிவிப்பையோ பணம் கட்டிய ரசீதோடு சேர்த்துக் கொடுக்கலாம். நிறுவனம் தரும் சம்பளச் சீட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அபராதம், தாமத வட்டி, தவறாகக் கட்டிய வரி ஆகியவை கழிவில் சேரா.

வருமானம் வந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1 முதல் ஜூன் 30-க்குள், உங்கள் நிறுவனம் இருக்கும் பகுதியின் வரி அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இந்தியாவைப் போல நிதியாண்டு மார்ச்சில் முடியும் நாடுகளுக்கு, அந்த ஆண்டின் கடைசி நாள் விழும் சீன ஆண்டே கணக்கில் வரும். ஆகவே 2025 மார்ச்சில் முடிந்த இந்திய ஆண்டின் வருமானம் 2025-ஆம் ஆண்டுக்குரியது, அதை 2026-இல் காட்ட வேண்டும். சான்று தாமதமாகக் கைக்கு வந்தாலும், 5 ஆண்டுகளுக்கு மிகாமல் பின்னோக்கிச் சென்று அந்தந்த ஆண்டிலேயே கழிவு கோர இடமுண்டு.