பழைய புகைக்கூண்டில் கை வைக்கும் முன்

போன மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பழைய ரைஸ் மில்லுக்குப் போயிருந்தேன். மில் நின்று வருஷக்கணக்காகிறது. நெல் அவிக்கும் பாய்லரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். செங்கல் புகைக்கூண்டு மட்டும் நிற்கிறது. தாத்தா கட்டியது, நிற்கட்டும் என்று அந்தக் குடும்பத்துக்கு ஆசை. வேலையை எடுத்திருந்த தம்பி சிவில் முடித்து மூன்று வருஷம் ஆனவர். சாரம், பெல்ட், கீழே கயிறு கட்டி ஆளை மறித்தது எல்லாம் முறையாகவே இருந்தது. கலவைச் சட்டியைப் பார்த்தேன். சிமென்ட்.

"இது எதுக்கு தம்பி?"

"பாயிண்டிங்குக்கு சார். ஜாயிண்டெல்லாம் கொட்டிப்போச்சு."

செங்கல்லுக்கு இடையே உள்ள இடுக்கில், அதாவது ஜாயிண்டில், புதுக் கலவை அடைப்பதுதான் பாயிண்டிங். எனக்கு 1996 ஞாபகம் வந்துவிட்டது. ஹெல்மெட் போடுங்கள், காற்றடித்தால் ஏறாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது. வேலை தெரிந்தவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன். எல்லாம் நானும் செய்தவைதான்.

சுண்ணாம்புக் கூண்டுக்குச் சிமென்ட் பூசுவது

1996-இல் கோவையில் ஒரு பழைய நூற்பாலை, சுமார் 110 அடிக் கூண்டு. நான் தனியாக எடுத்த முதல் பெரிய வேலை. ஜாயிண்டைச் சுரண்டி, ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவை வைத்து, அடியிலிருந்து உச்சிவரை கோடு போட்ட நோட்டு மாதிரி முடித்துக் கொடுத்தேன். முதலாளி மாலை போடாத குறை. ஆறு மழைக்காலம் கழித்து வேறு வேலையாக அதே வளாகத்துக்குப் போனேன். செங்கல்லின் முகம் பொரிந்து பொரிந்து உதிர்ந்து, சில இடத்தில் இரண்டு விரல் ஆழத்துக்கு உள்ளே போயிருந்தது. நான் பூசிய சிமென்ட் மட்டும் அப்படியே வெளியே துருத்திக்கொண்டு நின்றது, அடை இல்லாத தேன்கூட்டுச் சட்டம் போல. கூண்டின் காலடியில் வட்டமாகச் செம்மண் கொட்டினாற்போல் செங்கல் தூள்.

காரணம் சிக்கலானதல்ல. செங்கல்லுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். மழைநீர் போகும், அஸ்திவாரத்திலிருந்து உப்போடு ஈரம் ஏறும். சுண்ணாம்புக் காரை மூச்சுவிடும். ஈரம் ஜாயிண்ட் வழியாக வெளியேறும், உப்பும் அங்கேயே பூத்து, காரைதான் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். உதிர்ந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் காரையைச் செங்கல்லைவிட மென்மையாக வைத்தார்கள். சிமென்ட்டால் அந்த வழியை அடைத்தால் ஈரம் செங்கல் வழியாக வரும், உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னால் பூக்கும், முகம் பெயரும். செங்கல்லை யார் திருப்பிக் கொடுப்பது?

கூண்டுக்கு இன்னும் இரண்டு தொல்லை உண்டு. உயரமான கூண்டு காற்றில் ஆடும், வெயிலில் வளையும். சுண்ணாம்பு அதற்கு இசைந்து கொடுக்கும், மயிரிழை விரிசல் விழுந்தாலும் ஈரம் பட்டுத் தானே கொஞ்சம் கூடிக்கொள்ளும். சிமென்ட் இசையாது. பாரம் முழுவதும் செங்கல்லின் வெளி விளிம்பில் விழுந்து விளிம்பு தெறிக்கும். அடுத்தது கந்தகம். நிலக்கரி எரித்த கூண்டின் சுவரில் புகையின் கந்தகம் ஊறியிருக்கும். ஈரம் சேர்ந்தால் அது சிமென்ட்டோடு வினைபுரிந்து கலவையை உப்ப வைக்கும். மழை அதிகம் அடிக்கிற பக்கம் அதிகம் உப்பி, கூண்டு மெல்ல மறுபக்கம் வளையும். ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும் அழகுக்குப் பூசிக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லி அலுத்துவிட்டேன்.

கூண்டு எந்தக் கலவையில் கட்டியது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் வந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1930-களில்தான் வந்தது. அதற்கு முந்திய ஆலை என்றால் நீராவி, நீராவி என்றால் கூண்டு, அந்தக் காலத்துக் கூண்டு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்பு. ரைஸ் மில்லுக்கு இந்தக் கணக்கு செல்லாது. நெல் அவிக்க அதற்குப் பிறகும் பாய்லர் தேவைப்பட்டதால் கூண்டு கட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். வருஷத்தை நம்பாமல் மழை படாத உள் மூலையில் வீட்டுச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்து, நடுநடுவே மிளகளவு வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் சுண்ணாம்பு. இளஞ்சிவப்பாக இருந்தால் சுர்க்கி, அதாவது செங்கல் தூள் சேர்த்திருக்கிறார்கள். சாவி வழுக்கிக் கோடு மட்டும் விழுந்தால் சிமென்ட்.

சரி, சுண்ணாம்பு என்று தெரிந்துவிட்டது. ஜாயிண்ட் அரை அங்குல அகலம் என்றால் ஓர் அங்குலமாவது ஆழம் எடுக்க வேண்டும். மேலாகத் தடவியது அடுத்த ஐப்பசியில் தோலாக உரிந்து வரும். உளியால் எடுங்கள். கிரைண்டர் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து அறுபடும், அதன் சுட்ட தோல் போனால் போனதுதான். தூசியைக் கழுவி, செங்கல்லை நனைத்து, தண்ணீர் விட்டுத் தாளித்து ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணலும் சுர்க்கியும் சேர்த்து இரண்டரை, மூன்று பங்கு. சுர்க்கி இல்லாமல் வெறும் சுண்ணாம்பு உள்ளே இறுகாது. கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்க்கணுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கைப்பழக்கம் உள்ள மேஸ்திரி இருந்தால் சேர்க்கட்டும். இல்லாவிட்டால் அதில் செலவிடும் அக்கறையை ஈரச் சாக்கில் காட்டலாம். பத்து நாளாவது சாக்கு கட்டி நனைக்காத சுண்ணாம்பு வேலை வேலையே அல்ல. தை, மாசி நல்ல காலம். சித்திரை வெயில் காரையைச் சுட்டுவிடும், ஐப்பசி மழை கரைத்துவிடும்.

ஏற்கெனவே யாரோ சிமென்ட் பூசிவிட்ட கூண்டு என்றால்? கெட்டியாகப் பிடித்திருப்பதைத் தொடாதீர்கள், எடுக்கும்போது செங்கல் உடையும். தட்டினால் பொத்தென்று கேட்பதை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பு வையுங்கள். நான் பூசிய கூண்டை அப்படிக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. உச்சியிலிருந்து நாற்பது அடியைப் பிரித்து இறக்கினார்கள்.

காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு

சாய்வு பார்க்கத் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைக்கிறார்கள். நல்லது. ஆனால் போன வருஷம் விடியற்காலையில் எடுத்த அளவை இந்த வருஷம் மாலை நான்கு மணிக்கு எடுத்ததோடு ஒப்பிட்டு, "சார், சாய்ந்துவிட்டது" என்று ராத்திரி போன் பண்ணக்கூடாது. வெயில் பட்ட பக்கம் விரியும், உச்சி எதிர்ப்பக்கம் நகரும், இரவில் திரும்பிவிடும். எப்போதும் சூரியன் ஏறுவதற்கு முன், காற்றில்லாத நேரம், ஒரே இரண்டு கல்குறியிலிருந்து அளந்து எழுதி வையுங்கள். கட்டும்போதே சாய்ந்து, நூறு வருஷமாக அப்படியே நிற்கிற கூண்டுகள் உண்டு. எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைவிட, கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம்.

உப்பலுக்கு மேல் பூசி மறைப்பது

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு ஊரில் நியூலேண்ட்ஸ் ஆலைக் கூண்டைக் கட்டும்போதே அது சாய்ந்தது. மறுபக்கத்தை அறுத்து நேராக்கினார்கள். சுமார் இருபது வருஷம் நின்றது. பிறகு வெளிச்சுவர் உப்பி, துண்டுகள் விழ ஆரம்பித்தன, பழுது பார்க்கவும் தொடங்கினார்கள். 1882 டிசம்பர் 28 காலை ஆலையின் மேலேயே விழுந்தது. 54 பேர் இறந்தார்கள். சுவர் உப்பியிருந்தால் முதலில் கீழே இருக்கிறவர்களை வெளியேற்றுங்கள். பூச்சு பற்றி அப்புறம் பேசலாம்.

இரும்புப் பட்டையை முறுக்குவது

சூட்டில் உள்பக்கம் விரிந்து வெளிப்பக்கம் நெடுக்காகக் கீறுவது கூண்டின் சுபாவம். அதற்குத்தான் கூண்டைச் சுற்றி இரும்புப் பட்டை. தளர்ந்த பட்டையை மூன்று ஆள் சேர்ந்து முறுக்கி, துருப்பிடித்த போல்ட் தெறித்து, கீழே நின்ற வேன் கண்ணாடியைத் துளைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆள் தப்பியது புண்ணியம். துருவைச் சுரண்டி எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனர். சுவருக்குள் பதிந்த இரும்பு இன்னும் மோசம். துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துச் செங்கல்லையே நெம்பும். ஏறும் இரும்புப் படிகளும் அப்படித்தான், ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துதான் கால் வைக்க வேண்டும்.

அரசங்கன்று

பிடுங்காதீர்கள். செங்கல்லோடு வரும்.

இடிதாங்கி

உச்சியில் கூர் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு 'உள்ளது' என்று எழுதுகிறார்கள். கீழே பாருங்கள். கைக்கெட்டும் உயரம்வரை செப்புப் பட்டையை யாராவது அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டிருப்பார்கள். மேலே பட்டை, கீழே ஒன்றுமில்லை என்றால் மின்னல் செங்கல்லைப் பிளந்துகொண்டுதான் இறங்கும். பட்டை முழுதாக இருந்தாலும் எர்த், அதாவது அது மண்ணில் இறங்கும் இடத்து மின்தடை, அளந்து பத்து ஓமுக்குள் வருகிறதா பார்க்க வேண்டும், அதுவும் கோடையில். மழைக்காலத்தில் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் காட்டும்.

டிரோன் படத்தோடு முடித்துக்கொள்வது

படத்தில் சத்தம் கேட்காது. சுத்தியல் எடுத்துப் போய்த் தட்டுங்கள்.

'நின்ற மில்தானே' என்று உள்ளே நுழைவது

அடியில் மசி எடுக்கும் கதவைத் திறந்ததும் தலையை விடுகிறார்கள். மேலே திறந்திருக்கிறது, காற்று வராமலா போகும் என்று நினைப்பு. பக்கத்தில் வேறொரு அடுப்பு அதே புகைவழியில் சேர்ந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளேதான் வரும். அதற்கு வாசனை கிடையாது. எந்தெந்த அடுப்பு எங்கே சேர்கிறது என்று மில்லின் பழைய ஆளிடம் கேளுங்கள். வரைபடத்தில் இருக்காது. கேஸ் மீட்டரை முதலில் கயிற்றில் கட்டி விடுங்கள். உள் உறைச் செங்கல் வெளிச்சுவரோடு ஒட்டாமல் தனியாக நிற்பது, தட்டினால் பெயர்ந்து தலையில் விழும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

மலைத்தேனீ

அடை தெரிந்தால் அன்றைக்கு வேலை இல்லை. கூலியைக் கொடுத்து ஆட்களை அனுப்பிவிடுங்கள்.