லிப்ரிவாக்ஸில் முதல் பதிவு: 89 டெசிபெல் வரும் வழி

பதிப்புரிமை முடிந்த நூல்களை வாசித்து இலவச ஒலிநூல்களாக வெளியிடும் லிப்ரிவாக்ஸுக்காக முதன்முதலில் ஓர் அத்தியாயம் வாசித்தேன். பதிவின் ஒலியளவைச் சோதிக்கும் செக்கர் மென்பொருள் காட்டிய எண் 81. அவர்கள் கேட்பதோ 89 டெசிபெல். இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று நாள் பிடித்தது. உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

2005இல் ஹியூ மெக்குவையர் தொடங்கிய தன்னார்வ முயற்சி இது. வாசித்ததைப் பொது உரிமைக்கே விட்டுவிடுகிறோம். பிறகு யாரும் பிரதி எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். அதற்கு மனம் ஒப்பினால் மேலே படியுங்கள்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் மோனோ, 44,100 ஹெர்ட்ஸ் வைத்துப் பதியுங்கள். கடைசியில் 128 கேபிபிஎஸ் எம்பி3. கைப்பேசிச் செயலிகள் வேண்டாம். பல செயலிகள் ஒலியைத் தாமாகவே கூட்டிக் குறைத்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாசிக்கும் முன் ஐந்து விநாடி சும்மா இருங்கள். இரைச்சல் நீக்க அந்த அமைதிதான் மாதிரி. நீக்குவதையும் கொஞ்சமாகவே செய்யுங்கள், கூடினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும்.

இப்போது அந்த 81. எட்டு டெசிபெல் கூட்ட, ஆடாசிட்டியில் ஒலியளவை மாற்றும் ஆம்ப்ளிஃபையைத் திறந்தால் பொத்தான் மங்கிக் கிடக்கும். பலர் 'அலோ கிளிப்பிங்' (உச்சத்தைத் தாண்டும் ஒலி வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை என்பது) பெட்டியில் டிக் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள், குரல் கரகரத்துவிடும். அலைவரைவைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாம் தாழ்வாக இருக்க, ஒரே ஒரு முள் மட்டும் உச்சியைத் தொட்டு நிற்கும். எனக்கு அது "அப்பப்பா" என்ற சொல்லில் வந்த 'ப்'. உதட்டுக் காற்று நேரே மைக்கில் மோதியிருக்கிறது. அந்த முள்ளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆம்ப்ளிஃபையில் மைனஸ் 8 கொடுங்கள். இதே போல வேறு இடங்களிலும் நாலைந்து முள் இருக்கும். எல்லாவற்றையும் தாழ்த்திய பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து எட்டு கூட்டினால் சரியாக வரும். உச்சங்களைத் தானாகவே தாழ்த்தும் லிமிட்டரும் இதைச் செய்யும், ஆனால் எனக்குக் கையால் செய்வதே பிடிக்கும். எந்த எழுத்தில் தவறுகிறோம் என்று தெரிந்துவிடும். அப்புறம் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிவைத்தேன், முட்களே குறைந்தன.

அத்தியாயத்துக்கு முன் ஒரு நிமிடச் சோதனைப் பதிவை அனுப்புங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

பின்சேர்க்கை: ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகிவிட்டதே, பதிப்புரிமை முடிந்ததென்று கொள்ள அது போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது இந்தியச் சட்டம். லிப்ரிவாக்ஸ் பார்ப்பது அமெரிக்கச் சட்டத்தை. நூல் வெளியாகி 95 ஆண்டு கடந்திருந்தால் கவலையில்லை. முதல் பதிப்பின் ஆண்டைப் பார்த்துவிட்டே மைக்கைத் தொடுங்கள்.