மகரந்தத்திலிருந்து கரு: சர்க்கரையில் சறுக்கும் இடங்கள்

திருச்சி, தஞ்சைப் பக்கம் திசு வளர்ப்பு பழகியவர்கள் பலரும் வாழையில் கைபழகியவர்கள். ஒரு லிட்டர் ஊடகத்துக்கு, அதாவது செல்கள் வளரும் சத்துக் கரைசலுக்கு, 30 கிராம் சர்க்கரை என்பது மனப்பாடமான கணக்கு. மகரந்தத்திலிருந்து கரு வரவைக்க நெல்லின் மகரந்தப்பையை ஊடகத்தில் வளர்க்கும்போதும் அதையே போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வாழைக் குருத்துக்குச் சர்க்கரை முக்கியமாக உணவு. மகரந்தத்துக்கோ, தண்ணீர் அளவுமீறி உள்ளே புகுந்து செல் வெடிக்காமல் காப்பதும் அதுதான். அதனால் நெல்லுக்கு 40 முதல் 60 கிராம் வரை போடுவார்கள். ரேப்சீடு கடுகுக்கு 130 கிராம். புகையிலைக்கு 20 போதும்.

1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து கரு வரவைத்துக் காட்டினார்கள். ஊமத்தை இணங்கியதுபோல நம் நாட்டில் பெரிதும் பயிராகும் இண்டிகா வகை நெல் எளிதில் இணங்காது. அங்கேதான் எந்தச் சர்க்கரை என்ற கேள்வி வருகிறது. சுக்ரோஸை, அதாவது வழக்கமான சர்க்கரையை, செல்லின் நொதிகள் சீக்கிரமே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும். ஒரு மூலக்கூறு இரண்டாவதால் ஊடகத்தின் சவ்வூடு அழுத்தம் (தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் விசை) ஏறும். மால்டோஸ் நிதானமாக உடைகிறது. பார்லி, கோதுமை, பல இண்டிகா ரகங்களில் அது நன்றாகக் கைகொடுக்கிறது. ஆனால் மாற்றும்போது எடையைக் கவனியுங்கள். புட்டியில் வரும் மால்டோஸ் பெரும்பாலும் ஒரு நீர் மூலக்கூறைச் சுமந்திருக்கும். 60 கிராம் சுக்ரோஸுக்கு ஈடு 63 கிராம்.

சூடுபடுத்துவதில்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு சம்பா பருவத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததால் அதே ஊடகத்தை இரண்டாம் முறையும் ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலனில்) வைத்தேன். வெளியே எடுத்தபோது பனங்கற்கண்டு கரைத்த நிறம். நிறம்தானே என்று தட்டுகளில் ஊற்றினேன். ஒரு வாரத்தில் மகரந்தப்பைகள் கருத்துவிட்டன. அதிகச் சூட்டில் சர்க்கரை உடைந்து அமினோ அமிலங்களோடு வினைபுரிகிறது. 121 டிகிரியில் 15, 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள். முடிந்தால் சர்க்கரைக் கரைசலை மட்டும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துத் தனியே சேருங்கள்.

அப்புறம், முதல் நாளே ஊட்டிவிட அவசரப்பட வேண்டாம். பார்லி மகரந்தத்தைச் சில நாள் மானிட்டாலில் (செல் எளிதில் உணவாக்கிக்கொள்ள முடியாத ஒரு சர்க்கரை ஆல்கஹாலில்) பட்டினி போட்டால் அது மகரந்தமாக முதிரும் வழியை விட்டுக் கருவாகத் திரும்புகிறது. நெல்லில் அதற்குத் தொண்டைக்கதிரை (இலை உறையைவிட்டு இன்னும் வெளிவராத கதிரை) 8, 10 டிகிரி குளிரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைப்பது வழக்கம்.

நெல்லில் பெரும்பாலும் முதலில் காலஸ்தான் (உருவம் பிரியாத செல் திரள்) வரும். கடுகளவு வந்ததும் சர்க்கரை குறைந்த ஊடகத்துக்கு மாற்றுங்கள். வாழைக்குப் போட்ட அந்த 30 கிராம் இங்கே சரியாக இருக்கும்.